நாலரை நிமிடக் கூச்சலுக்குப் பிறகு

நியூரம்பெர்க்,
3 மார்ச் 1985

அன்புத் தம்பி லூபிஷாவுக்கு,

நானும் வெர்னரும் சுகம். உன் இருமல் விட்டதா? அடுப்பு மூட்டிச் சமைக்கிறாயா, இல்லை ரொட்டியும் வெங்காயமுமாக நாளை ஓட்டுகிறாயா? முதலில் அதை எழுது.

நேற்று அம்மாவுக்கு நாற்பதாம் நாள். நீ கல்லறைக்குப் போயிருப்பாய். நான் இங்கே ஜன்னலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். தந்தி நாலு நாள் தாமதமாக வந்தது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் பொய் சொல்ல முடியாது. அன்றைக்கே வந்துவிட்டது. பெட்டியோடு ரயில் நிலையம் வரை போனேன். "அந்த ஜெர்மன்காரனைக் கட்டினா இந்தக் கதவு உனக்கு இனித் தெறக்காதுடி" என்று ஒன்பது வருடத்துக்கு முன் அம்மா சொன்னது அங்கே மறுபடி காதில் விழுந்தது. திரும்பிவிட்டேன்.

இங்கே இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு, எழுத வராத அம்மாக்கள் ஊரிலிருந்து கேசட்டில் பேசி அனுப்புவார்கள். அதைப் பார்த்துத்தான் புத்தாண்டுப் பொட்டலத்தில் பச்சைக் கோடு போட்ட கேசட் ஒன்று வைத்தேன். ஜனவரியில் அம்மா பக்கத்து வீட்டிலிருந்து போன் செய்தாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. "கேசட்டுல பேசி வச்சிருக்கேன். எல்லாம் அதுல இருக்கு. லூபிஷா அனுப்புவான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பத்து நாளில் போயும் விட்டாள்.

எல்லாம் என்றால் என்ன? வாழ்த்தா, வசவா? எதுவானாலும் எனக்குத் தெரிய வேண்டும். கேசட்டை உடனே அனுப்பு. இத்துடன் காபி வைத்திருக்கிறேன்.

உன் அக்கா,
தெசாங்கா


பெத்ரோவராதின்,
17 மார்ச் 1985

அன்புள்ள அக்கா,

காபியும் கடிதமும் கைக்கு வந்தன. என் இருமல் போய்விட்டது. போகும்போது எதிர்வீட்டு அர்பாதைப் பிடித்துக்கொண்டது. அத்தானுக்கு என் அன்பு.

நீ பஸ் டிரைவரிடம் குழந்தைப் போர்வைக்குள் சுற்றிக் கொடுத்தனுப்பிய கணினி என்ன செய்கிறது என்று கேட்டால் அசந்துபோவாய். நானும் அர்பாதும் அதில் ஒரு விளையாட்டு எழுதியிருக்கிறோம். எனக்குப் படம் போட வராது, அவனுக்குக் கணக்கு வராது. ரெண்டு பேரும் சேர்ந்தால் ஒரு ஆள். 'கோட்டைக்கு அடியில்' என்று பெயர். நம் கோட்டைக்குக் கீழே நாலு அடுக்காகச் சுரங்கம் ஓடுகிறதல்லவா, பதினாறு கிலோமீட்டர்? அது முழுவதும் உள்ளே இருக்கிறது. 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று நீ தட்டச்சு செய்தால் அது பதில் சொல்லும். இத்தனைக்கும் அந்தப் பெட்டிக்கு நாற்பத்தெட்டாயிரம் எழுத்துக்கு மேல் நினைவில் நிற்காது. பகலில் கடையில் டி.வி. ரிப்பேர் செய்கிறவன் சாயங்காலம் ஒரு கோட்டையையே உட்கார்ந்து கட்டினேன், அக்கா. ஒரு கல்கூட இல்லாமல், வெறும் எண்ணை அடுக்கி.

இதைவிடப் பெரிய செய்தி, ரேடியோ கோஷாவாக்காரர்கள் அதை ஒலிபரப்பப் போகிறார்கள்! கேசட்டில் விளையாட்டு வெறும் சத்தமாகத்தான் பதிவாகும். அந்தச் சத்தத்தை அவர்கள் காற்றில் விட, கேட்கிறவர்கள் தங்கள் கேசட்டில் பிடித்துக் கணினிக்குக் கொடுத்தால் கோட்டை அவரவர் வீட்டில் எழுந்து நிற்கும். கடைக்குப் போக வேண்டாம், தபால் வேண்டாம்.

அம்மாவின் கேசட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன். வீடு கலைந்து கிடக்கிறது.

தம்பி,
லூபிஷா


நியூரம்பெர்க்,
31 மார்ச் 1985

தம்பி லூபிஷா,

எல்லோரும் சுகம். வெர்னருக்கு மட்டும் முதுகுவலி. கீரியும் பாம்பும் போல அவர் தொழிற்சாலை மேஸ்திரியோடு தினமும் மல்லுக்கட்டுகிறார், அதுதான் காரணம்.

சத்தத்துக்குள் கோட்டையா? வெர்னரிடம் படித்துச் சொன்னேன். "உன் தம்பி குடிக்கிறானா?" என்று கேட்டார். இல்லை, அவன் பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்றேன். ஆனால் மனசுக்குள் பெருமையாக இருந்தது. அந்தப் பெட்டியை எல்லையில் சுங்கக்காரர்கள் பிடித்துவிடுவார்களோ என்று ஒரு வாரம் தூங்காமல் கிடந்தவள் நான்தானே.

அது இருக்கட்டும். கலைந்து கிடக்க அது என்ன அரண்மனையா? ரெண்டு அறை. மிளகு அளவு திருகாணி விழுந்தாலும் தவழ்ந்து தேடி எடுக்கிறவன் நீ. பச்சைக் கோடு போட்ட கேசட் கண்ணில் படவில்லையா? அலமாரி, அம்மாவின் தையல் பெட்டி, தலையணைக்கு அடியில், எல்லா இடத்திலும் பார்.

பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா


பெத்ரோவராதின்,
14 ஏப்ரல் 1985, ஈஸ்டர்

அன்புள்ள அக்கா,

கிறிஸ்து உயிர்த்தார்! அத்தானின் முதுகு சரியாகிவிட்டதா? அர்பாதின் அம்மா இலோன்கா அத்தை எனக்கும் சேர்த்து ஈஸ்டர் முட்டைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிக் கொடுத்தார். மோதி உடைக்கும் போட்டியில் என் முட்டைதான் முதலில் நொறுங்கியது.

ஒலிபரப்பு மே 11, சனிக்கிழமை மத்தியானம். கேசட்டை அர்பாத் பிப்ரவரி கடைசியிலேயே நிலையத்தில் கொடுத்துவிட்டான். நல்ல நாடாவில் இருந்தால்தான் காற்றில் சிதையாமல் போகுமாம்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். விளையாட்டு முடியவில்லை. ஆள் சுரங்கமெல்லாம் சுற்றிக் கடைசிக் கதவுக்கு வந்து சேருவான். அந்தக் கதவு எப்படித் திறக்கும் என்று நான் எழுதவே இல்லை. ஜனவரியில் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எதுவும் தோன்றவில்லை. "தெறக்காத கதவாவே இருக்கட்டும்டா, ஆளுங்க மண்டைய ஒடச்சுக்கட்டும்" என்று அர்பாத் சொல்லிவிட்டான். ஒப்புக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

நம் வீட்டு வாசல் கதவும் இறங்கிப்போய்த் தரையை உரசுகிறது. தச்சரைக் கூப்பிட அம்மா கடைசிவரை விடவில்லை.

கேசட் விஷயத்தை அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

லூபிஷா


நியூரம்பெர்க்,
28 ஏப்ரல் 1985

லூபிஷா,

சுகம்தான். இந்தத் தடவை மற்ற விசாரிப்புகள் வேண்டாம்.

நீ அதைக் கேட்டுவிட்டாய். அம்மா என்னைச் சபித்திருக்கிறாள். நான் தாங்கமாட்டேன் என்று ஒளித்து வைத்திருக்கிறாய். முட்டையைப் பற்றி எழுதுகிறாய், கதவைப் பற்றி எழுதுகிறாய், அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. எனக்குப் படிக்கத் தெரியாதா?

சபித்திருந்தாலும் அது எனக்குச் சொன்னது. உனக்கு அதில் பாத்தியதை இல்லை. அனுப்பு.

தெசாங்கா


பெத்ரோவராதின்,
12 மே 1985

அக்கா,

நீ சுகமா என்று கேட்கக்கூட எனக்கு இப்போது தகுதியில்லை.

கேசட் ஒளித்து வைக்கவில்லை. அழித்துவிட்டேன். நான்தான்.

ஜனவரியில் அம்மா என்னைக் கூப்பிட்டுக் கேசட்டைப் போடச் சொன்னாள். வீட்டில் இருப்பதே கணினியோடு கம்பி மாட்டிய அந்த ஒரு டேப் ரெக்கார்டர்தான். "நீ வெளிய போடா, பொம்பளைங்க பேச்சு" என்று துரத்திவிட்டாள். எவ்வளவு நேரம் பேசினாள் என்று தெரியாது. முடிந்ததும் உனக்கு அனுப்புவதற்காக நானே அதைத் தொடக்கத்துக்குச் சுற்றி வைத்தேன். மறுநாளே ஆஸ்பத்திரி. கேசட் பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டது.

அடக்கம் முடிந்த மூன்றாம் வாரம், வேறு என்ன செய்வதென்று தெரியாமல் விளையாட்டை எடுத்தேன். வேலை முடிந்ததும் 'நாடாவை ஓடவிட்டு ஒரு பொத்தானை அழுத்து' என்று திரை சொல்லும். ஆயிரம் தடவை செய்த காரியம். உள்ளே எந்தக் கேசட் என்று எட்டிப் பார்க்கிற வழக்கமே எங்களுக்குக் கிடையாது. பொத்தானை அழுத்தினேன். நாடாவில் இருந்ததன் மேலேயே விளையாட்டு பதிவானது. நாலரை நிமிடம். 'சரி' என்று திரையில் வந்தது. நல்ல ஜெர்மன் நாடா என்று அர்பாத் அதையே நிலையத்துக்கு எடுத்துப் போனான். பச்சைக் கோடு என்று உன் கடிதத்தில் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து உனக்கு முட்டையும் கதவும் எழுதிக்கொண்டிருந்தேன்.

இனிமேல் எழுதப்போவதை நம்பு. நேற்று அர்பாத் வீட்டுச் சமையலறையில் ரேடியோ கேட்டோம். இலோன்கா அத்தை மாவு தேய்த்துக்கொண்டிருந்தார். எங்கள் விளையாட்டு காற்றில் கிரீச்சிட்டுக்கொண்டு வந்தது. நாலரை நிமிடம். கூச்சல் நின்றது. நிலையத்தில் நாடாவை நிறுத்த ஆள் இல்லை போலிருக்கிறது. கொஞ்சம் இரைச்சல். அதற்குப் பிறகு அம்மா பேசினாள்.

நம் அம்மா, அக்கா. ரேடியோவில். என் நாலரை நிமிடத்தைவிட அதிகமாகப் பேசியிருக்கிறாள், மிச்சம் அப்படியே இருந்திருக்கிறது. இலோன்கா அத்தை குழவியைக் கீழே போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். என் காது அடைத்துவிட்டது. குரல் கேட்கிறது, சொல் ஏறவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் பிடிபட்டது. "லூபிஷா, இத எப்படிடா நிறுத்தறது?" அவ்வளவுதான், நின்றுவிட்டது.

சொந்த விளையாட்டை எதற்குப் பிடிப்பது என்று நாங்கள் பதிவு செய்யவில்லை. உடனே பஸ் பிடித்து நிலையத்துக்கு ஓடினேன். பின்னால் சுற்றும்போது நாடா இயந்திரத்தில் சிக்கிக் கந்தலாகிவிட்டது. கைநிறைய அள்ளிக் கொடுத்தார்கள்.

ஆனால் கேட்டவர்கள் பிடித்திருப்பார்கள் அல்லவா? அடுத்த சனிக்கிழமை அறிவிப்பு செய்யச் சொல்லியிருக்கிறேன். நீ என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

லூபிஷா


கோவாச்சிட்சா,
4 ஜூன் 1985

'கோட்டைக்கு அடியில்' எழுதியவருக்கு, ரேடியோ கோஷாவா மூலமாக.

ஐயா, வணக்கம். உங்களுக்கும் வீட்டாருக்கும் நலமுண்டாகட்டும். நான் இங்கே பால் பண்ணையில் வேலை செய்கிறேன், பெயர் சுசானா. அறிவிப்பைப் போன சனிக்கிழமை மறுபடி சொன்னபோதுதான் கேட்டோம். நீங்கள் கேட்ட கேசட் இத்துடன் இருக்கிறது. முழுதாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் யானோ பதிவு போட்டுவிட்டுப் பன்றிக்குத் தீனி வைக்கப் போனவர் மறந்துவிட்டார், அதனால் கடைசிவரை பதிவாகியிருக்கிறது.

அந்த அம்மாள் உங்கள் தாயார் என்று அறிவிப்பைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அதுவரை அவர் சொல்வதெல்லாம் விளையாட்டின் குறிப்பு என்றுதான் இந்தத் தெருவே நினைத்தது. வெர்னர் என்பவர் சுரங்கத்துக் காவலாளி, அவருக்கு ஊறுகாய் கொடுத்தால் வழிவிடுவார் என்று யானோ மூன்று நாள் ஊறுகாய் தேடி அலைந்தார். கடைசிக் கதவில் 'தூக்கித் தள்ளு' என்று நாற்பது தடவையாவது அடித்திருப்பார். திறக்கவில்லை. "அந்தம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும், எழுதுனவன்தான் தப்பு பண்ணிட்டான்" என்று உங்களைத் திட்டினார். மன்னிக்கவும்.

முதலில் கேட்டபோதே எனக்கு அது குறிப்பாகத் தோன்றவில்லை. வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எங்கள் அம்மா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. கேசட்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம், நாங்கள் ஒரு பிரதி வைத்துக்கொண்டோம். தவறானால் சொல்லுங்கள், அழித்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
சுசானா


பெத்ரோவராதின்,
12 ஜூன் 1985

அன்புள்ள அக்கா,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து வரி இல்லை. அத்தானுக்காவது உடம்பு தேவலையா?

இதுவரை நாற்பத்து மூன்று கேசட் வந்திருக்கிறது. சிலவற்றில் கூச்சல் நின்றதுமே நிறுத்திவிட்டார்கள். ஒன்றில் அம்மாவுக்கு நடுவே நாய் குரைக்கிறது. ஒரு பஸ் கண்டக்டர், ஒரு பல் டாக்டர், சிறையிலிருந்து ஒருவர்! அம்மா இந்தப் பாலத்தைத் தாண்டி நோவி சாதுக்குப் போனதே வருடத்துக்கு நாலு தடவை. இப்போது எந்தெந்த ஊரில், எந்தெந்த வீட்டு இழுப்பறையில் இருக்கிறாள் என்று எனக்கே தெரியாது. நான் அழித்ததை முகம் தெரியாதவர்கள் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுக்கிறார்கள்.

இத்துடன் இருப்பதுதான் எல்லாவற்றிலும் தெளிவானது, கோவாச்சிட்சாவில் பால்பண்ணையில் வேலை செய்யும் ஒரு பெண் அனுப்பியது. பிரதி எடுக்கும்போது ஒலியை அடியோடு குறைத்துவிட்டு ஊசி ஆடுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பேசுகிற வேகத்தில் ஊசி துள்ளியது. பாதி நாடு கேட்டுவிட்டது. கேட்க வேண்டியவள் நீ ஒருத்திதான் பாக்கி. உனக்கு முன்னால் நான் இன்னொரு தடவை கேட்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

கேட்டவர்கள் எழுதியதிலிருந்து ஒன்று மட்டும் தெரியும். நீ பயந்தது அதில் இல்லை. அதற்கு மேல் சொன்னால் அம்மா வந்து என் காதைத் திருகுவாள். என்னால் போன முதல் பகுதி போனதுதான், அக்கா. அதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்க வார்த்தை இல்லை.

லூபிஷா


நியூரம்பெர்க்,
29 ஜூன் 1985

என் தம்பி லூபிஷாவுக்கு,

நாங்கள் இருவரும் நல்ல சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும். இதை ஒப்புக்கு எழுதவில்லை.

ஒரு மாதம் உன்னை வெறுத்தேன். அதைச் சொல்லிவிடுகிறேன். கேசட் வந்தும் ரெண்டு நாள் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெர்னர்தான் போட்டார். கூச்சல் ஆரம்பித்ததும் வேகமாக ஓட்டவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நாலரை நிமிடமும் கேட்டேன். இதற்குள் நம் கோட்டை இருக்கிறது, இதை என் தம்பி கட்டினான் என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். அவ்வளவு அசிங்கமான சத்தத்தை நான் கேட்டதே இல்லை. அது தீர்ந்துவிடக் கூடாதே என்றும் இருந்தது.

அப்புறம் அம்மா. நீ இன்னும் கேட்டிருக்கமாட்டாய். எழுதுகிறேன்:

"...வெர்னருக்கு நம்ம மொளகா ஊறுகா காரம் ஆகுமோ என்னமோ. கம்மியாப் போட்டு ரெண்டு பாட்டில் தனியா வச்சிருக்கேன், நிலவறையில அடித்தட்டுல. கேளுடி தெசா. நீ போனதுக்கப்புறம் வாசக்கதவு எறங்கிப்போச்சு. வந்து இழுத்துப் பாத்துட்டு, பூட்டியிருக்குன்னு நெனச்சுத் திரும்பிப் போயிடாத. அத நான் பூட்டறதே இல்ல. ஒன்பது வருஷமாப் பூட்டல. கைப்பிடியப் புடிச்சு லேசாத் தூக்கித் தள்ளு. தெறந்துக்கும். அவ்வளவுதான். லூபிஷா, இத எப்படிடா நிறுத்தறது?"

வெர்னர் தன் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். நம் மொழி அவருக்குப் பாதிதான் புரியும். "என்ன சொன்னாங்க, என்ன சொன்னாங்க?" என்று என் தோளைப் பிடித்து உலுக்குகிறார். உங்களுக்கு ஊறுகாய் வைத்திருக்கிறாளாம் என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வெடித்துவிட்டது. அவரும் அழுதார். ரெண்டு பேரும் திரும்பத் திரும்ப ஏழு தடவை கேட்டோம்.

நான் ரயில் நிலையத்திலிருந்து திரும்பிய அன்று அந்தக் கதவு பூட்டாமல் இருந்திருக்கிறது, தம்பி.

முதல் பகுதியில் என்ன சொன்னாளோ. திட்டித்தான் இருப்பாள். திட்டாமல் அம்மா ஊறுகாய் வரைக்கும் வந்திருக்கமாட்டாள். அதன் மேல்தான் நீ கோட்டை கட்டிவிட்டாய். போகட்டும், விடு.

அந்தப் பால்பண்ணைப் பெண்ணின் விலாசத்தை அனுப்பு.

உன் அக்கா,
தெசா


பெத்ரோவராதின்,
7 ஜூலை 1985

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை வாசல் படியில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். அதற்குப் பிறகுதான் பிரதியைப் போட்டுக் கேட்டேன். சுகமாக இருக்கிறேன், இப்போதுதான் சுகமாக இருக்கிறேன்.

கதவு எப்படித் திறக்கும் என்று ஆறு மாதம் முழித்தவன் அன்று சாயங்காலமே எழுதிவிட்டேன். பதினோரு வரிதான். 'திற' என்றால் திறக்காது. 'உடை' என்றால் திறக்காது. சாவி என்று ஒன்று கிடையவே கிடையாது. தூக்கித் தள்ளினால் திறக்கும். உள்ளே ஒரு சமையலறை, அர்பாத் அடுப்பு வரைந்திருக்கிறான். "அந்த கோவாச்சிட்சாக்காரர் சொன்னது சரி, தப்பு நம்மளுதுதான்" என்று அவனும் ஒப்புக்கொண்டான்.

திருத்திய விளையாட்டை இந்த மாதக் கடைசியில் மறுபடி ஒலிபரப்புகிறார்கள். கூச்சலுக்குப் பிறகு வருவதை வெட்டிவிடவா என்று நிலையத்தில் கேட்கிறார்கள். அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அது உன் கேசட். நீ சொல்.

22ஆம் தேதி அம்மாவுக்கு ஆறாம் மாதம். கோதுமைப் படையலுக்கு இலோன்கா அத்தை உதவுகிறேன் என்றார். தச்சரைக் கூப்பிட்டுக் கதவைச் சரிசெய்ய இருந்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அத்தானுக்கு வணக்கம்.

லூபிஷா


பெத்ரோவராதின், சமையலறை மேசை,
20 ஜூலை 1985

லூபிஷா,

சுகமாக வந்து சேர்ந்தோம். தந்தி கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நீ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருப்பாய்.

நீ இன்னும் கடையில் இருக்கிறாய். நானும் வெர்னரும் கல்லறைக்குப் போகிறோம், ரெண்டு மணிக்குத் திரும்பிவிடுவோம். அடித்தட்டில் பாட்டில் ரெண்டும் இருந்தன. ஒன்றைத் திறந்துவிட்டோம். வெர்னருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, காரம்தான் என்கிறார். மிச்சத்தை மூடி வைத்திருக்கிறேன், ரொட்டியோடு சாப்பிடு.

ரேடியோக்காரர்களிடம் அம்மாவை வெட்ட வேண்டாம் என்று சொல்.

கதவை முதலில் இழுத்துத்தான் பார்த்தேன். வரவில்லை. கைப்பிடியைப் பிடித்து லேசாகத் தூக்கித் தள்ளினேன்.

அக்கா